ஸர் ராபர்ட் மக்காரிஸனும் பசியின் மர்மமும்

கோடைக்கானலுக்கு ஏறிச் சென்றவர் யாவரும் ஒரு செய்தியைத் தம் அநுபவத்தால் அறிவர். வத்தலக்குண்டின் வெயிலில் சோற்றைக் கண்டு முகஞ் சுளித்த பிள்ளை, மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் கடந்து, வெள்ளி அருவியின் சாரல் மேனியிற் பட்ட மாத்திரத்தில், தின்பதற்கு யாது உளது என்று கேட்கத் தொடங்கிவிடும். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் வீசும் குளிர்காற்று செய்யும் வேலை அது. 1845-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து பழனி மலைமீது ஏறி முதல் வீடுகளைக் கட்டிக்கொண்ட அமெரிக்க மிஷனெரிமார், நாட்டு வெப்பத்திற்கும் காய்ச்சலுக்கும் அஞ்சியே அங்குச் சென்றனர். உணவில் விருப்பற்று மெலிந்த நோயாளியை மலைக்கு அனுப்புவது அக்காலத்து வைத்தியர் பலருடைய வழக்கம்.

ஆயினும், பசி என்பதுதான் யாது? நாம் அதனை வயிற்றின் காரியமாகவே பேசி வருகிறோம். வயிறு கேட்கிறது என்கிறோம். வயிற்றுத் தீ என்கிறோம். உண்ணாதவனை அக்கினி மந்தம் கொண்டவன் என்கிறோம். வயிறு வேலைக்காரன் மாத்திரமே என்பதும், உண்க என்றும் போதும் என்றும் ஆணையிடும் எசமானன் தலையோட்டினுள் வீற்றிருக்கிறான் என்பதும் இருபதாம் நூற்றாண்டின் இடைக்காலத்திலேதான் தெளிவாயின. அத்தெளிவுக்கு ஒரு முன்வாயிலைத் திறந்தவர்களுள் ஒருவர், பழனி மலைக்கு வடமேற்கே நீலகிரியில், குன்னூரில் ஒற்றை அறையொன்றிற் புறாக்களை வளர்த்துக்கொண்டிருந்தார். அவரே ஸர் ராபர்ட் மக்காரிஸன். அவருடைய சரித்திரத்தை நம் கல்லூரி மாணவர்க்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மக்காரிஸன் அயர்லாந்தின் வடபகுதியில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் 1878-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900-இல் முதல் வகுப்பிற் தேறினார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்து, கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தார். வயது இருபத்து மூன்று. அரசாங்கம் அவரை வடமேற்கு எல்லையிலுள்ள சித்திரால் என்னும் மலைநாட்டுக்குப் படைவைத்தியராக அனுப்பியது. அங்கே மூன்று நாள் நின்று நீங்கும் ஒருவகைக் காய்ச்சலை ஆராய்ந்து, அதற்கு மணல் ஈயே காரணமாகலாம் என ஊகித்தார். அவ்வூகம் பின்னர் மெய்யாயிற்று.

சித்திராலிலிருந்து கில்கித்துக்கு மாறியபின் அவர் செய்த காரியம் ஒன்றை மாத்திரம் விரித்துச் சொல்ல வேண்டும். அந்நாட்டில் கழுத்துக் கழலை மிகுதி. ஓர் ஓடையின் கரையில் மேலிருந்து கீழாக அமைந்த சிற்றூர்களை அவர் வரிசையாகப் பார்த்துச் சென்றார். மேலூரில் கழலை சிலருக்கே இருந்தது. கீழே செல்லச் செல்ல அத்தொகை ஏறிக்கொண்டே போயிற்று. மேலூரார் கழித்த அழுக்கையெல்லாம் கீழூரார் பருகினர் என்பதே அதற்கு அவர் கண்ட காரணம். கண்டதோடு நில்லாமல், அவ்வழுக்கு நீரில் மிதக்கும் வண்டலை வடித்தெடுத்துத் தாமே நாள்தோறும் பருகினார். இசைந்த வேறு சிலரையும் பருகச் செய்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. வீங்கிய கழுத்துக்களுள் அவருடையதும் ஒன்று. வண்டலைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்க்கு அவ்வாறு ஆகவில்லை. கழலைக்கு அயோடின் குறைவே தலையாய காரணம் என இன்று நாம் அறிவோமாதலால், அவருடைய முடிவு முழுவதும் நிலைபெறவில்லை. ஆயினும் பிறர் உடம்பிற் செய்யத் துணிந்ததைத் தம் உடம்பிலும் செய்த வைத்தியர் அவர் என்பதை மறத்தலாகாது. இவ்வாராய்ச்சியைப் பற்றி அவர் 1913-இல் லண்டனில் ராயல் மருத்துவக் கல்லூரியின் மில்ராய் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார்.

முதல் மகாயுத்தத்திற் பணி செய்தபின், 1918-இல் அவர் குன்னூருக்கு வந்து சேர்ந்தார். 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் அங்கே வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்துகொண்டிருந்தது. அதில் ஓர் அறை அவருக்குக் கொடுக்கப்பட்டது. பெரிபெரி என்னும் நோயை ஆராய்க என்பது கட்டளை. கால் மரத்து, நடை தளர்ந்து, உடல் வீங்கி, நெஞ்சு துவண்டு மாளச் செய்யும் அந்நோய், சென்னை மாகாணத்தின் வடபகுதியில், ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில் மலிந்திருந்தது. தீட்டிய அரிசியை உண்ட கோழிக்கு அதை ஒத்த நோய் வருவதை ஜாவா தீவில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர் முன்னரே கண்டிருந்தார். எனவே மக்காரிஸன் புறாக்களை வரவழைத்தார்; அவற்றிற்குத் தீட்டிய அரிசியையே உணவாக அளித்தார்.

இனி நடந்ததை நாம் சற்று நின்று நோக்குவோம். முதற் சில நாட்களில் புறாக்கள் மகிழ்ச்சியோடு உண்டன. பின்னர் ஒவ்வொன்றாக உணவை வெறுத்தன. முன்னே அரிசி குவிந்து கிடக்கவும், அவை கூட்டின் மூலையில் இறகை உப்பிக்கொண்டு அமர்ந்திருந்தன. நிறை நாளுக்கு நாள் குறைந்தது. இறுதியில் கழுத்து முதுகுப்புறமாக வளைந்து, தலை மேல்நோக்கித் திரும்பி, வலிப்பெடுத்து இறந்தன. அறுத்துப் பார்த்தபோது குடல் மெலிந்து தாள்போலாகியிருந்தது; சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி மாத்திரம் பருத்திருந்தது. நாட்டுக் குரங்குகளுக்கு இத்தகைய உணவைக் கொடுத்தபோதும் முதலில் ஓடிப்போனது பசியே. வயிற்றுப்போக்கு அதன் பின்னே வந்தது.

இக்காட்சியைப் பிறரும் கண்டிருக்கலாம். புறா நோயுற்றமையால் உண்ணவில்லை என்று எழுதிவைத்துப் போயிருக்கலாம். மக்காரிஸன் அவ்வாறு கருதவில்லை. உண்ண விருப்பமின்மையை நோயின் விளைவாக எண்ணாமல், நோயின் முதல் அறிகுறியாகவே அவர் எண்ணினார். உணவில் ஏதோ ஒன்று குறைகிறது, அதனை உடல் அறிந்து வாயிலை அடைத்துவிடுகிறது என்பது அவர் கொண்ட கருத்து. உண்ணாத குழந்தையை அடிக்கும் தாயும், விடுதிச் சோற்றை மிச்சம் வைக்கும் மாணவனைச் சோம்பேறி என ஏசும் மேற்பார்வையாளரும் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பது நன்று. அவனுக்குப் பிடிவாதம் இருக்கலாம். அவன் தட்டில் ஒரு சத்துக் குறைந்தும் இருக்கலாம்.

குறைந்த அச்சத்து யாதென்பது சில ஆண்டுகளிற் புலனாயிற்று. 1926-இல் யான்சன், டோனாத் என்னும் இருவர் ஜாவாவில் அரிசித் தவிட்டினின்று அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். வைட்டமின் பி ஒன்று, அல்லது தயமின், என அதனை இன்று அழைக்கிறோம். ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஏறக்குறைய ஒரு மில்லிகிராமே. அவ்வணுவளவு பொருள் இல்லாவிடில் படி அரிசிச் சோறும் வீணாகின்றது.

அது உடலில் என்ன செய்கிறது என்பதை ஆக்ஸ்பர்டில் ருடால்ப் பீட்டர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் ஆராய்ந்தார். கழுத்து வளைந்த புறாவின் மூளையை அவர் சோதித்தபோது, மூளையின் அடித்தண்டில் லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கக் கண்டார். மூளை சர்க்கரையை எரித்தே வாழ்வது. அவ்வெரிப்பு நிறைவேறத் தயமின் துணை வேண்டும். துணையில்லாதபோது சர்க்கரை பாதியில் நின்று அமிலமாகத் தேங்குகிறது. மூளையின் வடிவில் யாதொரு சிதைவும் இல்லை. அதன் இரசாயனத்தில் மாத்திரம் ஒரு பழுது. தயமினைச் செலுத்தியதும் சில மணி நேரத்திற்குள் வளைந்த கழுத்து நிமிர்ந்தது. சாவின் விளிம்பில் இருந்த பறவை தீனியைக் கொத்தியது. பசியும் மூளையின் இரசாயனமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு இதனினும் எளிய சாட்சி வேண்டுமோ?

குன்னூரின் கதைக்குத் திரும்புவோம். மக்காரிஸனுடைய வேலை தடையின்றி நடந்ததென எவரும் எண்ணற்க. உடல்நலம் குன்றி இங்கிலாந்து சென்றிருந்த காலத்தில், 1921-இல், தம் ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பெருநூலொன்று வெளியிட்டார். அந்நூலால் உலகப் புகழ் பெற்றுத் திரும்பிய அவரை வரவேற்றது சிக்கனக் கோடரி. இஞ்ச்கேப் பிரபுவின் தலைமையில் அமைந்த செலவுக் குறைப்புக் குழுவின் முடிவால் 1923-இல் அவர் ஆராய்ச்சிக்குரிய பணம் நிறுத்தப்பட்டது. இருபத்தைந்து கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாட்டில், அவர்கள் உண்ணும் உணவை ஆராய்ந்த ஒற்றை அறையை மூடி மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு இருந்திருக்கும்! 1925-இல் வேலை மீண்டும் தொடங்கியது. 1928-இல் அவ்வறை உணவு ஆராய்ச்சிச் சாலையாக விரிந்தது. அவர் அதன் முதல் இயக்குநரானார்.

இக்காலத்தில் அவர் செய்த சோதனை ஒன்று தமிழர்க்குச் சற்றே உறைப்பானது. இளம் எலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளர், சென்னை மாகாணத்தார் ஆகிய எழுவகையார் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்திற்கும் கொடுத்தார். 140 நாள் கழிந்தபின் நிறுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகிய சீக்கியருணவை உண்ட எலிகளின் சராசரி நிறை 235 கிராம். கழுவித் தீட்டிய அரிசி, பருப்பு, குழம்பு, துளி மோர், பால் குறைந்த காப்பி ஆகிய நம் உணவை உண்ட எலிகளின் நிறை 155 கிராம். ஏழில் நாம் ஏழாம் இடம்.

இம்முடிவை மறுக்க நாம் முற்படவில்லை. எலி பொய் சொல்லாது. எனினும் இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் அட்டவணையில் ஏறியது தமிழகத்தின் உணவன்று. தமிழகத்தில் ஒரு சாரார் ஒரு காலத்தில் உண்ட உணவே. பழனி மலையின் சரிவுகளில் சாமையும் தினையும் விளைத்து உண்டவர் உண்டு. காட்டு வள்ளிக்கிழங்கை அகழ்ந்துண்ட பளியர் உண்டு. அடிவாரத்தில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்டு உழைத்தவர் உண்டு. இவர்களுடைய தட்டு அந்த எலிக்கூட்டுக்கு எட்டவில்லை. மேலும் பாலும் வெண்ணெயும் வேண்டாமென்று எந்தக் கூலியாளும் ஒதுக்கவில்லை. வாங்க வகையில்லை என்பதே செய்தி. வீரசாதி இன்னது, மென்சாதி இன்னது எனப் பிரித்துப் பேசுவதில் இன்பங் கண்ட அக்காலத்து ஆட்சியாளர், இவ்வட்டவணையைச் சாதிகளின் தரவரிசையாகப் படிக்க இடமிருந்தது. மக்காரிஸனோ குற்றத்தை இரத்தத்தின்மேல் ஏற்றாமல் உணவின்மேல் ஏற்றினார். அதற்கு அவரே ஒரு சான்றும் அளித்தார். இங்கிலாந்தின் ஏழைகள் உண்ணும் வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரையிட்ட தேநீர், வேகவைத்த முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும், டப்பா இறைச்சி, ஜாம் ஆகியவற்றை வேறொரு கூட்டத்திற்குக் கொடுத்தார். அவ்வெலிகள் வளர்ச்சி குன்றியதோடன்றிச் சினமும் நடுக்கமும் கொண்டு காவலரைக் கடித்தன. அறுபதாம் நாளளவில் தம்முள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. ஆளும் சாதியாரின் ஏழையுணவு எலியின் மதியையும் கெடுத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. அவருடைய நேர்மையில் நாம் பெரிதும் மதிப்பது இதுவே.

மற்றொரு செய்தி நமக்கு ஆறுதலானது. அவரும் நாரிஸ் என்பாரும் 1924-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பு விரிவாகக் கூறப்பட்டது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரையில் அந்நோய் மலிந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாயிருந்தது. காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமினின் ஒரு பகுதி நீரோடு உட்புறஞ் சென்று அரிசியில் நிலைத்துவிடுகின்றது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமார்க்கு வைட்டமின் என்னும் சொல் தெரியாது, தெரியாமலே காத்தார்கள். அவர்களே அரிசியைப் பன்முறை கழுவி, கழுநீரைப் பசுவுக்கு வார்த்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டினார்கள். பசு கொழுத்தது என்பதில் வியப்பில்லை.

மக்காரிஸனிடம் குறை இல்லாமலில்லை. கில்கித்துக்கு வடக்கேயுள்ள ஹுன்ஸா நாட்டாரை அவர் நோயறியாத மக்கள் என அளவுக்கு மீறிப் புகழ்ந்தார். பிற்காலத்தில் அங்கே தங்கி வைத்தியம் செய்தவர்கள் நோய் பலவற்றைக் கண்டு எழுதினர். அவர் புகழுரையைப் பற்றிக்கொண்டு, உணவு ஒன்றினாலேயே எல்லாப் பிணியும் நீங்கும் என விற்பனை செய்வோர் இன்றும் உளர். பாவம், அது அவர் நோக்கமன்று.

1928-இல் பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் பயன்படுமாறு உணவைப்பற்றிய சிறு நூலொன்று எழுதினார். 1933-இல் ஸர் பட்டம் பெற்றார். 1935-இல் ஓய்வு பெற்றுக் கப்பலேறினார். அவர் இடத்தை ஏற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணைப்படுத்தும் பணியைப் பெருக்கினார்.

மக்காரிஸன் புறாவின் பசி போவதைக் கண்டாரேயன்றி, அது மூளையின் எவ்விடத்திலிருந்து போயிற்று எனக் காணவில்லை. அதனைக் கண்டவர் லாகூரிற் பிறந்த நம் நாட்டு வைத்தியர் பால் கிருஷ்ண ஆனந்த். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராபெக் என்பாருடன் 1951-இல் அவர் செய்த ஆராய்ச்சி உலகெங்கும் பேசப்பட்டது. மூளையின் அடியில் ஹைபோதாலமஸ் என்னும் சிறு பகுதி உண்டு. அதன் நடுப்புறம் சிதைந்தால் எலி ஓயாது தின்று பருக்கும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆனந்த் அதன் இருபக்க ஓரங்களிலும் கடுகளவு இடத்தைச் சிதைத்தார். எலி உண்பதை அறவே நிறுத்தியது. தீனியின் நடுவே பட்டினி கிடந்து இறந்தது. குன்னூர்ப் புறாவின் காட்சியே மீண்டும் நிகழ்ந்தது; இம்முறை வாயிலின் இடமும் தெரிந்தது. ஆனந்த் தாயகந் திரும்பிக் குரங்கிலும் பூனையிலும் அதனை உறுதி செய்தார். பின்னர் டில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் உடலியல் பேராசிரியராக விளங்கினார்.

அதன்பின் அறிவு விரைந்து பெருகியது. 1994-இல் நியூயார்க்கில் பிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் பொருளைக் கண்டனர். உடலின் கொழுப்பே அதனைச் சுரந்து, சேமிப்பு இவ்வளவு இருக்கிறதென மூளைக்குக் கணக்கு அனுப்புகிறது. 1999-இல் ஜப்பானியர் கண்ட கிரெலின் வயிற்றினின்று எழுந்து உண்க எனத் தூண்டுகிறது. இவற்றை ஹைபோதாலமஸ் வாங்கி, ஒன்றையொன்று எதிர்க்கும் நரம்பணுக்களின் வாயிலாக முடிவு கூறுகிறது. பசிக்கு ஒரு மையம், நிறைவுக்கு ஒரு மையம் என்ற பழைய எளிய படம் மாறி, பல பகுதிகள் சேர்ந்த வலையாக அது இன்று விளங்குகிறது. இனிமையில் எழும் இன்பத்தை அறியும் டோபமின் வழியும் அவ்வலையில் உண்டு. வயிறு நிறைய உண்டபின்னும் பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு நாம் எல்லோரும் இடம் வைத்திருப்பதன் இரகசியம் அதுவே. மெலிந்தவன் நிறை ஏறுவதும் பருத்தவன் நிறை இறங்குவதும் மன உறுதியினால் மாத்திரம் ஆகாமைக்கும் காரணம் இங்கேதான் உளது. நிறை குறைந்தால் லெப்டின் குறையும். லெப்டின் குறைந்தால் மூளை பசியைப் பெருக்கும். தயமின் குறைந்த எலியின் ஹைபோதாலமஸிலேயே பசியைக் காக்கும் இரசாயன நிகழ்ச்சி தடைப்படுவதை இந்நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். குன்னூரில் எழுந்த வினாவுக்கு விடை வர ஏறத்தாழ நூறாண்டு சென்றது.

ஓய்வு பெற்ற மக்காரிஸன் ஆக்ஸ்பர்டில் குடியேறினார். 1936-இல் லண்டனில் உணவும் தேசநலமும் குறித்து மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். இரண்டாம் மகாயுத்தத்திற்குப் பின் பத்தாண்டு, பட்டம் பெற்ற வைத்தியர்க்கு மேற்பயிற்சி அளிக்கும் பொறுப்பை அங்கே வகித்தார். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் உயிரோடிருந்தபோதே, 1958-இல், குன்னூர் ஆராய்ச்சிச் சாலை ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969-இல் அது தன் பொன்விழாவைக் கொண்டாடி, தேசிய உணவூட்ட நிலையம் என்னும் பெயர் பூண்டது. பாஸ்டர் நிலையம் மாத்திரம் குன்னூரிலேயே இருந்து தடுப்பு மருந்துகள் செய்து வருகிறது.